அத்தானுக்காக வைத்த ஓக் மரம்

என் வீட்டுப் பின்வளவில் நிற்கும் ஓக் மரத்தை நான் ஒருவரைப் பழிவாங்குவதற்காக வைத்தேன். அவர் என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர். பக்கத்து வீட்டில் இருக்கிறார். அவருடைய கண்ணாடி அறைக்குள் விழும் பின்னேர வெயிலை அந்த மரம் மறிக்க வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போதே, அந்த அறைக்குள் அவர் கதிரையில் இருந்து பார்க்கும்போதே மறிக்க வேண்டும். மரத்திடம் நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

மரம் வைத்தவள் நல்லவள் என்று சிலர் நினைக்கிறார்கள். தெருவில் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் என்னைக் காணும்போதெல்லாம் ஓக் மரத்துக்காக நன்றி சொல்கிறார். நான் தலையை ஆட்டிவிட்டுப் போகிறேன். அவருக்கு எங்கள் கதை தெரியாது.

இலண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீடு ஒரு செமி. ஒரு கூரை, நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு வீடு, இந்தப் பக்கம் ஒரு வீடு. அண்ணனும் தம்பியும் இரண்டு பாதியையும் ஒரே மாதத்தில் வாங்கினார்கள். குடிவந்த முதல் கிழமையே அத்தான் கோடாலி எடுத்துப் பின்வளவு வேலியைத் தறித்தார்.

"அண்ணன் தம்பிக்கு நடுவிலை என்ன வேலி?" என்று உரத்துச் சொன்னார். வந்திருந்த சொந்தக்காரர் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலித் தகராறில் வழக்குப் பேசி வழக்குப் பேசியே பரம்பரை முடிந்துபோன ஆட்கள் நாங்கள். வேலியைத் தறிக்கிற ஒரு மனிதரைக் கண்டால் சிரிக்காமல் என்ன செய்வது?

பதினெட்டு வருடம் ஒரே வளவாக இருந்தது. என் கணவர் அண்ணனின் கடையில் வேலை செய்தார். நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலை ஷிப்ட். பின்னேரங்களில் வளவில் நிற்பேன். அவரை, லீக்ஸ், வெந்தயக்கீரை, ஒரு பொலித்தீன் கூடாரத்துக்குள் பச்சை மிளகாய். வெளியே தண்ணீர்ப் பைப் ஒன்றுதான், அத்தான் வீட்டுச் சுவரில். இரண்டு வீட்டுக்கும் ஒன்று போதும் என்று அவர்தான் சொன்னார். அதிலிருந்து நீளமான குழாயை இழுத்து என் பாத்திகளுக்கு விடுவேன்.

அந்த வருடம் அவர் மகனுக்கு ஹரோவில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பெண் வீட்டார் பெரிய உத்தியோகக்காரர். அத்தான் உடனே வீட்டின் பின்புறத்தில் ஒரு கண்ணாடி அறை கட்டத் தொடங்கினார். கூரையும் கண்ணாடி, முன்பக்கமும் கண்ணாடி. அதற்கு அத்திவாரம் வெட்டியவர் என் கணவர். இரண்டு ஞாயிற்றுக்கிழமை களிமண்ணில் நின்று வெட்டினார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அறை முடிந்த நேரத்தில் ஊரில் என் அம்மா இறந்துபோனார். நானும் இவரும் போனோம். முப்பத்தோராம் நாள் காரியம் முடித்துத் திரும்பி வந்தோம். பெட்டியை ஹோலில் வைத்துவிட்டு, தண்ணீர் இல்லாமல் என் பாத்திகள் என்ன ஆனதோ என்று பின்கதவைத் திறந்தேன்.

வேலி நின்றது. கொங்கிறீட் தூண், ஐந்தரை அடிப் பலகை. எல்லைக் கோட்டில்தான் போட்டிருந்தார், அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் என் லீக்ஸ் பாத்தி அந்தக் கோட்டின் மேல் பாதியும் இந்தப் பக்கம் பாதியுமாக இருந்தது. நட்ட நடுப் பாத்தியில் ஒரு தூண். பைப் அவருடைய பக்கம்.

மிதிகல்லை இழுத்துப்போட்டு ஏறி நின்று எட்டிப் பார்த்தேன். அவர் கண்ணாடி அறையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், என்ன இது?"

"எப்ப வந்தனீங்கள் தங்கச்சி? காரியமெல்லாம் வடிவாய் முடிஞ்சுதே?"

"முடிஞ்சுது. இது என்ன?"

"வேலி."

"வேலி எண்டு தெரியுது. ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?"

"என்ரை வளவுக்கு நான் வேலி போட ஆரைக் கேக்கிறது? ஹரோ ஆக்கள் வந்து இதிலை இருந்தால் அவையின்ரை கண்ணுக்கு முன்னாலை உங்கடை கிழிஞ்ச பொலித்தீனும் வெங்காயத்தாளும். வடிவே அது?"

"தண்ணிக்கு நாங்கள் எங்கை போறது?"

"குசினியிலை பைப் இருக்குத்தானே. ஏதும் தேவையெண்டால் கேளுங்கோ, தாறன்."

பின்னால் என் கணவர் நின்றார். கோட்டுக்கூடக் கழற்றவில்லை. "களைச்சுப் போய் வந்திருக்கிறம். உள்ளுக்கு வா. அண்ணை அப்பிடித்தான்," என்றார். என் அம்மாவின் சாம்பல் கரைத்த கையோடு நான் அந்த மிதிகல்லில் நின்றேன். அன்றைக்கு இவர் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மரம் இல்லை.

அந்தக் கோடை மழை இல்லாத கோடை. குசினியிலிருந்து வாளியில் தண்ணீர் அள்ளி, ஹோலைச் சுற்றி, மூன்று படி இறங்கிக் கொண்டுபோக வேண்டும். எனக்கு வலது முழங்கால் சரியில்லை. பத்து வாளி போதாது. அவரை காய்ந்தது. கீரை பூத்துக் கசந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய புல்லுக்குத் தண்ணீர் சீறும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும்.

ஒரு நாள் கேட்டேன். கேட்டேன் என்பதை எழுதவே எனக்கு எரிகிறது. "அத்தான், ரெண்டு வாளி தண்ணி தாறியளே?"

"கேட்டால் தராமல் விடுவனே? கேட்டுப் பழகுங்கோ தங்கச்சி," என்று சொல்லி இரண்டு வாளியை நிரப்பி, வேலிக்கு மேலால் தந்துவிட்டு, பைப்பை இறுக்கிப் பூட்டினார். கண்ணாடி அறைக்குள் இருந்து அவர் மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அக்கா என் கையால் பதினெட்டு வருடம் கீரை வாங்கித் தின்றவர். நான் அந்த இரண்டு வாளியையும் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினேன். கீரையைப் பிடுங்கி எறிந்தேன்.

அன்றைக்கு முடிவெடுத்தேன். இந்த வளவில் இனி அவரிடம் தண்ணீர் கேட்காத ஒன்றைத்தான் வைப்பேன். அதோடு, அது அவர் கண்ணில் குத்தவும் வேண்டும்.

ரொம்ஃபோர்ட் பக்கம் மரக்கன்று விற்கும் நாற்றுமேடை ஒன்று இருந்தது. இரண்டு பஸ் மாறிப் போனேன். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண், ஐம்பது வயதிருக்கும், நகத்துக்குள் எல்லாம் மண். என் ஆங்கிலம் முறிந்த ஆங்கிலம், ஆனால் எனக்கு வேண்டியதைக் கேட்கத் தெரியும். தண்ணீர் ஊற்றாமல் வளருகிற மரம் வேண்டும், பெரிதாக வளர வேண்டும், நான் செத்த பிறகும் நிற்க வேண்டும் என்றேன்.

ஓக் என்றாள். இந்த நாட்டு மரம்தான். அதிலும் இரண்டு வகை இருக்கிறதாம். காய் காம்பில்லாமல் கொப்பிலேயே ஒட்டிக் காய்க்கும் வகை ஒன்று, மேட்டு நிலத்துக்கும் வரட்சிக்கும் அதுதான் கூடத் தாங்குமாம். முதல் இரண்டு மூன்று கோடை பார்த்துக்கொண்டால் பிறகு அது தன்பாட்டில் நிற்கும் என்றாள்.

"நிழல்?"

"நிறைய," என்றாள். "வீட்டுக்குக் கிட்ட மட்டும் வைக்காதே. களிமண் நிலத்தில் ஓக் வேர் தண்ணீரை உறிஞ்சி அத்திவாரத்தை அசைத்துவிடும்."

அதைக் கேட்டதும் என் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்: வேலியோரம், அந்தக் கண்ணாடி அறைக்குப் பக்கத்திலேயே வைக்கப்போகிறேன்.

"உனக்கு விசரே? வீடு ஒண்டு. அந்தப் பக்கம் வெடிச்சால் இந்தப் பக்கம் வெடிக்காதோ?"

சரிதான். ஆத்திரத்தில் எனக்கு நடுச்சுவர் மறந்துபோய்விட்டது. செமி வாங்கிய ஆட்கள் பழிவாங்கினாலும் அளந்துதான் பழிவாங்க வேண்டும். வீட்டிலிருந்து இருபத்தெட்டு அடி தள்ளி, என் பழைய மிளகாய்க் கூடாரம் இருந்த இடத்தைத் தெரிந்தெடுத்தேன். எங்கள் வளவு அவருடையதற்குத் தெற்கே. பின்னேரச் சூரியன் என் வளவைத் தாண்டித்தான் அவர் அறைக்குள் போக வேண்டும். வேரால் செய்ய முடியாததை நிழலால் செய்யலாம்.

மாரிக் குளிர் வந்ததும் கன்று வந்தது. கன்று என்று சொல்லவும் வெட்கம். இலையில்லாத ஒரு தடி, என் இடுப்புக்கும் வராது, அடியில் ஈரத்தாளில் சுற்றிய வேர். வேலிக்கு மேலால் அத்தானின் தலை தெரிந்தது.

"என்ன தங்கச்சி, அவரைக்குக் கொழுகொம்பு நடுறியளோ?"

"ஓம் அத்தான்."

"இப்ப ஆரும் அவரை நடுவினமே? பனி கொட்டுது."

"நான் நடுவன்."

சிரித்துக்கொண்டு போனார். நான் மண்ணை மிதித்து இறுக்கினேன்.

பிறகு நான் செய்தது முழு முட்டாள்தனம். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். செடி என்றால் எங்களுக்கு ஊற்ற வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர், பருப்புக் கழுவிய தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலாக மீன் கழுவிய தண்ணீர். கறிவேப்பிலைக்கு ஊற்றுகிற மாதிரி அந்த ஓக்குக்கு நாள் தவறாமல் ஊற்றினேன். சனிக்கிழமையில் விளைமீன் வெட்டினால் செதிலும் குடலும் அடியில் புதைத்தேன். மே மாதம் ஒரு பிடி இலை வந்தது. ஜூனில் அது மஞ்சளானது. இன்னும் ஊற்றினேன்.

ஒரு ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் கன்று பிடுங்கப்பட்டு நாலடி தள்ளிக் கிடந்தது. குழியைச் சுற்றி மண் சிதறியிருந்தது.

யார் செய்தது என்று எனக்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. கன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டு முன்கதவில் அடித்தேன். திறந்தார். ஹோலில் ஹரோ சம்பந்தியும் மனைவியும் பலகாரத் தட்டோடு இருந்தார்கள். எனக்கு அது இன்னும் வசதியாகப் போய்விட்டது.

"வேலிக்கு மேலாலை வந்து பிடுங்கினனீங்களோ, ஆள் வைச்சுப் பிடுங்கினனீங்களோ?"

"என்னத்தைத் தங்கச்சி?"

"இந்த ஒரு முழத் தடிக்குப் பயந்தனீங்களோ? தண்ணி மறிச்சது காணாதெண்டு வேரையும் பிடுங்கிறியளோ?"

"ஐயோ, நான் ஏன் உங்கடை அவரைக் கம்பைப் பிடுங்கிறன்?"

சம்பந்தி அம்மா வடையைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டிருந்தார். எனக்கு வாயில் வந்ததை எல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் விடியக்காலம் வேலைக்குப் போகக் குசினியில் நின்றபோது பார்த்தேன். நரி. ஒல்லி நரி, வாலில் மயிர் உதிர்ந்தது. நேரே அந்தக் குழிக்குப் போய், முன்னங்காலால் வாரி, மீன் குடலை இழுத்துத் தின்றது. தின்றுவிட்டு யன்னலில் என்னைப் பார்த்தது. குட்மேய்ஸில் இருபது வருடம் இருந்த எனக்கு நரி இருக்கிறது தெரியாதா? தெரியும். மீன் தண்ணீரையும் நரியையும் சேர்த்து யோசிக்கும் மூளை அப்போது இல்லை. மூளை முழுக்க அத்தான்தான் இருந்தார்.

அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. இன்றைக்கு வரைக்கும் இல்லை. பிடுங்காதது பிடுங்கியதாக இருக்கட்டும். மறித்தது மறித்ததுதானே.

செத்த கன்றை நாற்றுமேடைக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெண் வேரை மூக்கருகே பிடித்தாள். நரி பிடுங்காவிட்டாலும் இது செத்திருக்கும் என்றாள். வேர் கறுத்து, அழுகிய மணம். களிமண்ணில் தண்ணீரைத் தேக்கிவைத்து மூச்சுத் திணறடித்திருக்கிறாய் என்றாள்.

"மேலே தண்ணீர் கிடைத்தால் வேர் மேலேயே கிடக்கும். சோம்பேறியாகிவிடும். பத்து நாளுக்கு ஒரு தடவை நிறைய விடு. பிறகு மறி. தாகம் எடுத்தால்தான் வேர் கீழே போகும். எருவும் வேண்டாம். ஒன்றும் வேண்டாம்."

நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீரை மறி என்கிறாள். அத்தான் எனக்குச் செய்ததை இந்தக் கன்றுக்கு நான் செய்ய வேண்டும். செய்தால் அது பலப்படும். எனக்கு அந்த யோசனை பிடித்துப்போய்விட்டது.

இரண்டாவது கன்றை அந்த மாரியில் வைத்தேன். இம்முறை அகலமாகக் குழி வெட்டி, ஆழம் வேரளவுக்கு மட்டும். அணில் கடிக்காமல் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை. அடியில் மூன்றடி சுற்றுக்குப் புல்லைச் செதுக்கி மரச்சீவல் பரப்பினேன், தண்டில் படாமல். முதல் கோடை பத்து நாளுக்கு இரண்டு வாளி. இரண்டாம் கோடை இரண்டு கிழமைக்கு இரண்டு வாளி. நடுவில் இலை தொங்கும். கை துடிக்கும். குசினியில் அரிசி கழுவிய தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு நிற்பேன்.

அந்தக் கன்றில் எனக்குப் பிடித்தது ஒன்று. மாரியில் மற்ற மரமெல்லாம் இலையைக் கொட்டும். இது செத்த இலையைக்கூட விடாது. காய்ந்து, பழுப்பாகி, காற்றில் கிலுகிலுவென்று சத்தம் போட்டுக்கொண்டு வசந்தம் வரை பிடித்து வைத்திருக்கும். மற்ற மரங்கள் துளிர்த்துக் கனகாலத்துக்குப் பிறகுதான் புதிய இலை விடும். என் குணம் உள்ள மரம் என்று நினைத்தேன்.

மூன்றாம் கோடைதான் நாற்பது பாகை அடித்த கோடை. இலண்டனே எரிந்தது. தண்ணீர்க் கம்பனி தோட்டக் குழாய் பாவிக்கக்கூடாது என்று தடை போட்டது. அத்தான் தடையைக் கணக்கெடுக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அதே சீறல். நான் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து அவர் வீட்டு இலக்கத்தைச் சொன்னேன். பெயர் கேட்டார்கள். அயலவர் என்றேன். ஒரு கிழமைக்குள் அவருக்குக் கடிதம் வந்தது. சீறல் நின்றது. பத்து நாளில் அவருடைய புல் தேங்காய்த் தும்பு நிறமாகிவிட்டது. நான் அன்றைக்குப் பாயசம் வைத்தேன். எதற்குப் பாயசம் என்று இவர் கேட்டார். சும்மா என்றேன்.

ஆனால் எனக்கும் நிம்மதி இல்லை. மூன்றாம் கோடை தண்ணீர் விடாதே, அது கீழே போயிருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும் என்று நாற்றுமேடைக்காரி சொல்லியிருந்தாள். யாருக்குத் தெரியும் நாற்பது பாகை வருமென்று? ஓக்கின் இலை ஓரம் கருகியது. ஒரு கொப்பு முழுக்கச் சுருண்டது. நெஞ்சளவு நின்ற மரம். அது செத்தால் நான் தோற்றேன். மறுபடி வைத்து, மறுபடி வளர்த்து, அதன் நிழல் அவர் அறைக்குள் போவதற்குள் அவரோ நானோ போய்விடுவோம். வாளியை நிரப்பிக் கதவடிக்குக் கொண்டுபோனேன். ஊற்றினால் அது எனக்குப் பழகிவிடும். பிறகு ஒவ்வொரு கோடையும் வாளியோடு நிற்க வேண்டும். கதவடியிலேயே வாளியை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். மூன்று நாள் அந்த வாளி அங்கேயே கிடந்தது.

ஆகஸ்ட் முடிவில் மழை வந்தது. ஒரு கிழமையில் ஓக்கின் நுனிகளில் எல்லாம் சிவப்புத் துளிர். கோடையில் இரண்டாம் தடவை துளிர்க்கும் மரம் அது. நான் மழையில் நின்று பார்த்தேன்.

அதே கிழமைதான் அத்தான் வந்தார். அக்காவோடும், கட்டட வேலை செய்யும் ஒருவரோடும் முன்கதவால் வந்து ஹோலில் இருந்தார். வேலி போட்ட நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடி அறைச் சுவரில் மேலிருந்து கீழாக வெடிப்பு. கை விரல் போகும் அளவு. கண்ணாடி ஒன்றும் பிளந்திருந்தது.

"உன்ரை மரம் என்ரை வீட்டை வெடிக்க வைச்சிட்டுது," என்றார். நீங்கள் என்பது போய் நீ வந்திருந்தது. "இவர் பார்த்தவுடனை சொல்லிப்போட்டார், ஓக் வேர் எண்டு. அவரைக் கம்பு எண்டு சொல்லி என்னை ஏமாத்தினாய். நாளைக்கே வெட்டு."

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். மூடவில்லை.

"ஓம் அத்தான். உங்களுக்கெண்டுதான் வைச்சனான்."

"பார், பார், தன்ரை வாயாலை சொல்லுறாள்!" என்று அக்கா எழுந்தார்.

"நல்லது. இது காணும் எனக்கு," என்றார் அத்தான். "நான் வக்கீலிட்டைப் போறன். மரமும் போகும், வீடும் போகும் உங்களுக்கு."

அப்போதுதான் விளங்கியது. வீறாப்புக்காக நானே மரத்தைக் கோடாலிக்குக் கொடுத்துவிட்டேன்.

மூலையில் இருந்த என் கணவர் இருமினார். அண்ணனுக்கு முன்னால் அவர் கதிரையில் முழுதாகச் சாய்ந்து இருந்ததைக்கூட நான் கண்டதில்லை.

"அண்ணை, உந்த அறைக்கு அத்திவாரம் ஆர் வெட்டினது?"

"ஏன், நீதான்."

"எவ்வளவு ஆழம்?"

அத்தான் கட்டடக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ரை முழங்கால் அளவு. களிமண், இன்னும் மூண்டடி போவம் எண்டு சொன்னனான். 'காணும் விடு, சனிக்கிழமை கண்ணாடி வருது, ஹரோ ஆக்கள் வருகினம்' எண்டு சொன்னனீங்கள். கவுன்சிலிட்டையும் கேக்கேல்லை." இவர் அந்தக் கட்டடக்காரர் பக்கம் திரும்பினார். "தம்பி, மரம் இருபத்தெட்டு அடி தள்ளி நிக்குது. என்ரை நெஞ்சளவு. போய்ப் பாரும். அந்தத் தடி இஞ்சை வந்து இந்த வீட்டைப் பிளந்ததெண்டால் அதுக்கு நாங்கள் கோயில் கட்டிப் பூசை செய்யோணும்."

கட்டடக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"வக்கீலிட்டைப் போங்கோ அண்ணை. நானும் வாறன். அத்திவாரத்தைப் பற்றிக் கேட்டால் நான் சொல்லுறன்."

அவர்கள் போன பிறகு இவர் தேத்தண்ணி கேட்டார். அந்த ஒரு வார்த்தை வர இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. அதற்காக அவரைத் திட்டவும் மனம் வந்தது. திட்டாமல் சீனி இரண்டு கரண்டி போட்டுக் கொடுத்தேன். சலரோகக்காரனுக்குச் சீனி போடுகிறாய் என்றுகூட அவர் சொல்லவில்லை. முழுதும் குடித்தார்.

அத்தான் வக்கீலிடம் போகவில்லை. வெடிப்புக்குச் சாந்து பூசி மறைத்தார். ஒவ்வொரு கோடையும் அது திரும்ப வருகிறது. ஒவ்வொரு கோடையும் பூசுகிறார்.

மரம் இப்போது வேலியைத் தாண்டி என் இரண்டு மடங்கு உயரம். போன ஒக்டோபரில் ஒரு நாள், பின்னேரம் நாலு மணியிருக்கும், சூரியன் பதிந்து வந்தபோது அதன் நிழலின் நுனி வேலியைக் கடந்து, புல்லைக் கடந்து, கண்ணாடியில் ஏறியது. நான் மேல்மாடி அறை யன்னலில் நின்று பார்த்தேன். அத்தான் உள்ளே இருந்தார். நிழல் முகத்தில் பட்டதும் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து கதிரையை இடப்பக்கம் இழுத்துப் போட்டார். கொஞ்சத்தில் நிழல் அங்கேயும் போனது. மறுபடி இழுத்தார். ஒரு கதிரை அகல நிழல்தான். அடுத்த வருடம் இரண்டு கதிரை. அவருக்கு எழுபத்திரண்டு வயது, எனக்கு அறுபத்தொன்று. மரத்துக்கு அவசரம் இல்லை.

இந்தக் கோடையும் மழை இல்லை. தெருவில் எல்லோருடைய செடியும் வாடிக் கிடக்கிறது. நான் ஓக்கின் அடியில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு மேலால் தலை தெரிந்தது. கூன் விழுந்து, அவரும் இப்போது மிதிகல்லில் ஏறித்தான் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கையில் தண்ணீர் ஒழுகும் குழாய்.

"தங்கச்சி."

"என்ன அத்தான்?"

"சரியான வெயில். மரம் வாடிப்போடும். பைப்பை இழுத்து உங்கடை பக்கம் விடட்டே? இனி எப்ப வேணுமெண்டாலும் எடுங்கோ. பலகையிலை ஒரு ஓட்டை போட்டு விடுறன்." குழாயை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "இந்தப் பக்கத்துக் கொப்பு ரெண்டை மட்டும் வெட்டி விட்டியள் எண்டால் நல்லது. பின்னேரத்திலை எனக்குக் குளிருது," என்றார்.

நிமிர்ந்து மரத்தைப் பார்த்தேன். ஓர் இலைகூடத் தொங்கவில்லை.

"வேண்டாம் அத்தான். இதுக்குத் தண்ணி தேவையில்லை. பழக்கினது நீங்கள்தானே."

அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பூட்ட மறந்துவிட்டார் போல. தண்ணீர் அவர் பக்கத்து மிதிகல்லில் விழுந்து வழியும் சத்தம் கேட்டது. நான் தேத்தண்ணியை முழுதாகக் குடித்து முடித்துத்தான் எழுந்தேன்.